வாலில்லாத வாற்கோதுமை

வடக்கு வயல் ஒரு பையில்,
மேட்டு வயல் இன்னொரு பையில்.
இரண்டிலும் ஒரே விதை,
ஒரே மே மாதத்தில் விதைத்தது.
டாரில் வொரோபெட்ஸ் மார்க்கர் பேனாவால்
எழுதி அனுப்பியிருக்கிறார்:
‘மால்ட், தயவுசெய்து.’
பார்லிப் பையின்மேல் அந்தச் சொல்லை
முதன்முறையாகப் பார்க்கிறேன்.

மேட்டு வயலை முதலில் பிரித்தேன்.
ஒல்லி மணிகள்.
சல்லடையில் நாலில் ஒன்று நிற்காமல் விழுந்தது.
கனோராவுக்குத் தெற்கே
ஜூலையில் பத்தொன்பது நாள் மழையில்லை;
பால் பிடிக்கும் நேரத்தில் முப்பத்தைந்து டிகிரி.
மாவு சேர அவகாசம் கிடைக்காத மணிக்குள்
புரதம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது,
பதினான்கு புள்ளி இரண்டு.
கோதுமையாக இருந்தால் கும்பிட்டு வாங்குவார்கள்.
பியருக்கு இது கலங்கல்.

வடக்கு வயலில் பள்ளத்து ஈரம்.
கொழுத்த மணி. பதினொன்று புள்ளி ஆறு.
அகராதி இதை வாற்கோதுமை என்கிறது.
வாலை அறுவடை இயந்திரம் கழற்றிவிடுகிறது,
என்னிடம் வருவது
வாலில்லாத வாற்கோதுமை.
நூறு எண்ணித் தட்டில் பரப்பி
வடிதாள்மேல் நான்கு மில்லி தண்ணீர்.
பிறகு மூன்று நாள் இருட்டு.

இந்த வேலையைப் போனில் விளக்கியபோது
“முளைப்பாரி போடுறியா?” என்றாள் அம்மா.
ஆமாம் என்றேன், அம்மன் மட்டும் இல்லை.
ஆற்றில் கரைக்காமல்
சூளையில் காயவைப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை.
உயிர் இருக்கிறதா என்று நான் பார்ப்பது
அது வாழ்வதற்காக அல்ல.
ஐந்து நாள் முளைக்கவிட்டு
மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் விழித்ததும்
எண்பத்தைந்து டிகிரியில் நிறுத்திவிடுவார்கள்.
முன்பே செத்ததை
நிறுத்துவதற்குக்கூட வழியில்லை.

மூன்றாம் நாள் தொண்ணூற்றொன்று.
ஆலைக்குத் தொண்ணூற்றைந்து வேண்டும்.

முளைக்காத ஒன்பதை ஊசியால் கீறினேன்.
ஏழில்,
வேர் ஒருமுறை எட்டிப்பார்த்துக் கருகிய தடம்.
ஆகஸ்ட் கடைசியில், கதிரிலேயே,
ஆறு நாள் தூறலில்
தாமாகவே தொடங்கியிருக்கின்றன.

டாரிலுக்கு மழைமேல் கோபம்.
மழை மட்டும் இல்லை என்றேன்.
காத்திருக்கப் பிடிக்காத ஆலைகளுக்காக
சாஸ்கடூனில் பன்னிரண்டு வருடம்
ஒட்டி ஒட்டிக் கலந்து
இந்த ரகத்தின் தூக்கத்தைக் குறைத்தார்கள்.
தூக்கம் குறைந்த விதைக்கு
ஆலைத் தொட்டி எது, ஆகஸ்ட் மழை எது?
யார் தொட்டாலும் எழுந்துவிடும்.

“அப்போ அடுத்த வருஷம்
தூங்குமூஞ்சி ரகமாப் போடவா?”
“அதை ஆலை வாங்காது.”
“ரெண்டு பையையும் கலந்தா?”
“ரெண்டு கெட்ட செய்தியும் ஒரே பையில இருக்கும்.”
சிரித்தார்.
மாட்டுத் தீவன விலையை
இருவருமே சொல்லவில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
எனக்குச் சம்பளம் தருவது
அதைத் திருப்பிப்போட்ட வாக்கியம்.
விளைந்த கதைதான் முளையில் தெரிகிறது,
எந்த வாரம் காய்ந்தது, எந்த இரவு நனைந்தது,
எந்தத் தாயின் அவசரம்.
சாப்பாட்டு அறையில் ஒருவர்
“நீங்களும் வேறு மண்ணிலிருந்து வந்த விதைதானே”
என்று ஆரம்பித்தார்.
என் புரதத்தை அளக்காதவரை சரி என்றேன்.

இன்னொரு நூறு வைத்துப் பார்க்கச் சொன்னார் டாரில்.
வைத்தேன்.
இன்று காலை பத்து மணிக்குக் கணக்கு முடிகிறது.
தட்டில் தொண்ணூற்று நான்கு.
ஒரு மணி குறைகிறது.

ஓரத்தில் ஒன்று
உமி சற்றே உப்பி,
நுனியில் வெள்ளையாக ஏதோ,
இல்லை, விளக்கின் பளபளப்பு.
லென்ஸை வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

நேரத்தை நீட்ட விதியில் இடமில்லை.
எழுதும் பேனாவை எவ்வளவு நேரம் தேடலாம் என்று
யாரும் விதி செய்யவில்லை.
பேனா என் காதில்தான் இருந்தது.
கீழ்மாடிவரை போய்த்
தேடினேன்.